நிலக்கரி ஊரிலிருந்து நிலக்கரி ஊருக்கு

ஆடச் சென்றதால் தொழிலாளி இழந்த நாட்கூலியைக் கழகம் ஈடுசெய்யலாமா? இவ்வழக்கின் பொருட்டே 1895ஆம் ஆண்டில் வட இங்கிலாந்துக் கழகங்கள் தனியே பிரிந்தன. இன்று ரக்பி லீக் என நாம் அறியும் ஆட்டம் அப்பிரிவிலிருந்து வளர்ந்தது.

அம்மரபில் வந்தவர் யார்க்ஷயர் நிலக்கரி வட்டாரத்து மால்கம் ரெய்லி. காசில்ஃபோர்டு கழகத்துக்காக ஆடி 1969, 1970 ஆகிய ஆண்டுகளில் சேலஞ்ச் கோப்பையை வென்றார். கிரிக்கெட்டைப் போல இவ்வாட்டத்திலும் ஆஷஸ் தொடர் உண்டு. 1970இல் ஆஸ்திரேலியாவில் அதனை வென்ற பிரிட்டிஷ் அணியில் அவரும் இருந்தார். அதன்பின் அவ்வெற்றி பிரிட்டனுக்குக் கிட்டவேயில்லை.

1971இல் சிட்னியின் மேன்லி கழகம் 15,000 பவுன் கொடுத்து அவரைச் சேர்த்துக்கொண்டது. அதுவரை பட்டமே காணாத மேன்லி 1972, 1973 என இருமுறை வாகை சூடியது. அவருடைய முரட்டாட்டத்தை நாம் போற்றுவதற்கில்லை. அஞ்சாமையை மறுப்பதற்கும் இல்லை.

பின்னர்ப் பயிற்சியாளராகி 1986இல் காசில்ஃபோர்டுக்கு மீண்டும் கோப்பையைத் தேடித் தந்தார். 1987 முதல் 1994 வரை பிரிட்டிஷ் அணியைப் பயிற்றுவித்தார். அடுத்து அவர் சென்ற இடம் ஆஸ்திரேலியாவின் நியூகாசில். நிலக்கரியும் எஃகும் வாழ்வித்த நகரம் அது. அங்குள்ள பெரிய எஃகாலை மூடப்படும் என்ற அறிவிப்பு 1997 ஏப்ரலில் வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ரெய்லியின் அணி இறுதியாட்டத்தில் நின்றது. எதிரணியோ அவருடைய பழைய மேன்லி! இரு பக்கமும் 16 புள்ளிகள். சில நொடிகளே எஞ்சியிருக்கையில் டேரன் ஆல்பர்ட் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்தார். 22க்கு 16 என முடிந்தது ஆட்டம். நியூகாசில் கழகத்தின் முதற் பட்டம் அதுவே.

எஃகாலை 1999இல் மூடப்பட்டது.