மிதிபடும் மண்ணும் கற்கருவிகளின் இடப்பெயர்வும்: பல்லாவரம், அத்திரம்பாக்கம் சான்றுகளை முன்வைத்து

1863 மே 30 அன்று இந்தியப் புவியியல் அளவைத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியப் பழங்கற்கால ஆய்வின் தொடக்கமாக இந்நாள் பலராலும் எழுதப்பட்டுள்ளது. கருவி கிடைத்த நிலை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அது மண்ணடுக்கில் பொதிந்திருக்கவில்லை. படைமுகாமை ஒட்டிய சரளைக் குழியிலிருந்து வெளியே வாரிக் கொட்டப்பட்டவற்றுள் கிடந்தது. படைமுகாமின் புறநிலம் ஆளும் மாடும் குதிரையும் ஓயாது நடக்கும் நிலம். அங்கே தரைமேல் கிடக்கும் கல் கிடந்தபடியே கிடப்பதில்லை.

மிதிபடுதல் தொல்பொருளுக்கு இருவகை மாற்றங்களைச் செய்கிறது. ஒன்று, பொருளை மண்ணுக்குள் அமிழ்த்தியும் பக்கவாட்டில் தள்ளியும் அதன் இடத்தை மாற்றுகிறது. மற்றொன்று, கல்லும் கல்லும் உராய்வதால் விளிம்புகளில் சிறு செதில்களைப் பெயர்க்கிறது. சாலி மெக்பிரியர்ட்டியும் உடனாய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட சோதனை முடிவுகள் இரண்டாவதன் தீவிரத்தை உணர்த்தின. மனிதர் காலால் மிதிபட்ட செதில்களின் விளிம்புகள், வேண்டுமென்றே செதுக்கிய வெட்டுவாய்க் கருவிகளைப் போலத் தோற்றம் பெற்றன. கருவி வகைப்பாட்டை நம்பிப் பண்பாட்டுக் காலத்தை வரையறுக்கும் எவருக்கும் இது எளிதில் கடந்துவிடக் கூடிய செய்தியன்று.

இடப்பெயர்வைப் பற்றித் தென்னிந்திய மண்ணிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. அன்றைய கர்நூல் மாவட்டத்து ஜுர்ரேரு பள்ளத்தாக்கில் மெட்டின் எரென், இரவி கோரிசெட்டர், மைக்கேல் பெட்ராக்லியா உள்ளிட்டோர் கற்செதில்களைத் தரையில் பரப்பி, அவற்றின்மேல் எருமைகளையும் ஆடுகளையும் நடக்கவிட்டனர். 2010இல் வெளியான அவ்வாய்வு, உலர்ந்த தரையையும் நீர் ஊறிய தரையையும் ஒப்பிட்டது. நீர் ஊறிய தரையில் செதில்கள் மிகுதியாக அமிழ்ந்தன. அதைவிடப் பயனுள்ள முடிவு வேறொன்று: ஈரமண்ணில் மிதிபட்ட கற்கள் படுத்த நிலை மாறிச் சாய்ந்து நின்றன. ஆகவே கல்லின் சாய்வு, மிதிபட்டதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகிறது. நஞ்சையில் தழை மிதித்துச் சேறாக்கிய உழவர் இதை வியப்பாகக் கொள்ளமாட்டார்.

சென்னைச் சுற்றுவட்டாரத்தின் பழங்கற்கால இடங்களுக்கு இச்சோதனை நேரே பொருந்துகிறது. ஏனெனில் இங்கே எதிரெதிரான இருவகை மண் உண்டு. செம்புரைச் சரளை இறுகியது. அதன்மேல் கிடக்கும் கல் எளிதில் அமிழாது, ஆனால் சரளையோடு மோதி விளிம்பு சிதையும். களிமண்ணில் நிலைமை தலைகீழ்: விளிம்பு பிழைக்கும், இடம் மாறிவிடும்.

களிமண்ணுக்குரிய சிறந்த சான்று, திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கம். அதே 1863 செப்டம்பரில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டறிந்த இவ்விடத்தை 1999 முதல் சாந்தி பப்பு தலைமையிலான குழு அகழ்ந்தது. கீழே சில மீட்டர் தடிப்புள்ள களிமண் அடுக்கினுள் அசூலியக் கருவிகள் கிடைத்தன. முந்தைய ஆய்வாளர்கள் அவ்வடுக்கை மனிதர் தோன்றுவதற்கு மிக முந்திய கிரெட்டேசியக் களிப்பாறை என்று கருதியிருந்தனர். அகழ்வில் விலங்குப் பற்களின் புதைபடிவங்களோடு, குளம்புத் தடங்களாகலாம் எனக் கருதப்பட்ட வட்டப் பதிவுகளும் வெளிப்பட்டன. விலங்குகள் நடந்த ஈரக் களிமண் என்றால் கேள்வி தவிர்க்க முடியாதது: கருவிகள் அவ்வடுக்கிற்கு உரியனவா, மேலிருந்து மிதிபட்டு இறங்கியனவா?

2011இல் வெளியான காலக்கணிப்பு இக்கேள்விக்குப் பெரும்பகுதி விடையளிக்கிறது. தொல்காந்த ஆய்வு களிமண்ணின் வயதைச் சொல்கிறது: குறைந்தது 10.7 இலட்சம் ஆண்டுகள். அலுமினியம் 26, பெரிலியம் 10 ஆகியவற்றின் விகிதத்தைக் கொண்டு கணித்தது மண்ணின் வயதையன்று, ஆறு குவார்ட்சைட் கருவிகள் புதையுண்டிருந்த காலத்தை. அது சராசரியாக 15.1 இலட்சம் ஆண்டுகள். பிற்காலக் கருவிகள் மேலிருந்து அமிழ்ந்திருந்தால், கருவியின் வயது மண்ணின் வயதைவிடக் குறைந்திருக்க வேண்டும், இங்கே அவ்வாறில்லை. மேலும் மிதிப்பினால் நேரும் அமிழ்வு சென்டிமீட்டர்களில் அளக்கத்தக்கது. மீட்டர் கணக்கிலான அடுக்கு முழுதும் கருவிகள் பரவியிருப்பதை அது விளக்காது. ஆறு கருவிகள் எல்லாக் கருவிகளுக்கும் பொறுப்பேற்க முடியாது என்பதும் உண்மையே.

மேலடுக்குகளின் நிலை வேறு. 2018இல் அறிவிக்கப்பட்ட இடைப் பழங்கற்காலத் தொடக்கம், அதாவது ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகள், ஒளிர்வு முறையால் கணிக்கப்பட்டது. அம்முறை அளப்பது மணல் துகள் கடைசியாக ஒளிபட்ட காலத்தை, கருவியை அன்று. அதன் பிழைவரம்பே 64,000 ஆண்டுகள் என்பதால் சில சென்டிமீட்டர் அமிழ்வு மொத்தக் காலத்தைப் புரட்டிவிடாது. ஆனால் கைக்கோடரி அருகி லெவல்லுவா நுட்பம் பெருகும் படிநிலைகளை அடுக்குவாரியாகக் காட்டும்போது, அடுக்கெல்லைகளில் கிடைத்த சிறு செதில்களின் சாய்வும் எடைப் பரவலும் ஒட்டிணைப்பும் உடன் வைத்து நோக்கப்பட வேண்டும்.

தமிழ்நாட்டின் மேற்பரப்பாய்வுகளில் இக்கவனம் இன்னும் தேவை. அறுவடை முடிந்த புஞ்சையில் ஆட்டுக்கிடை போடுவது எருவுக்காகத் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஓரிரவில் நூற்றுக்கணக்கான குளம்புகள் ஒரே வயலைக் கிளறுகின்றன. கள ஆய்வுக் குறிப்பில் கிராமம், அளவெண், கிடைத்த பொருள் ஆகியவற்றோடு கிடை போட்ட வழக்கத்தையும் மண்ணின் ஈரத்தையும் பதிவது அரிய வேலையன்று. ஊர்ப் பெரியவரிடம் ஒரு கேள்வி போதும்.

பல்லாவரத்தில் அவ்வாறு கேட்க நிலமே மிஞ்சவில்லை. இராயப்பேட்டை முதல் பல்லாவரம் கடந்தும் நகரம் தரையை மூடிவிட்டது. எஞ்சியிருப்பது 1904இல் சென்னை அருங்காட்சியகம் பெற்ற ஃபூட் தொகுப்பு. 1914, 1916 ஆகிய ஆண்டுகளில் வெளியான அதன் அட்டவணை, விளிம்புச் சிதைவு பற்றிய சோதனைகளுக்கு மிக முந்தியது. சரளைப் பரப்பில் பொறுக்கிய செதில்களில் விளிம்புத் தழும்புகள் ஒழுங்கின்றி இருபுறமும் மாறிமாறி அமைந்துள்ளனவா, பழைய முகப்பின் நிறத்தினின்றும் வேறுபட்டுப் புதியனவாகத் தோன்றுகின்றனவா என்று உருப்பெருக்கியின்கீழ் நோக்கினால், சுரண்டி என்றும் வெட்டுவாய் என்றும் பெயரிட்டவற்றுள் சில வெறும் செதில்களாக மாறக்கூடும்.