'மெஷின் நிக்குது': நிலையும் முறைமையும்

'மெஷின் நிக்குது' என்பது முழுமையான வாக்கியம்போலத் தெரிகிறது. யார் சொல்லி நின்றது, யார் சொன்னால் மறுபடி ஓடும் என்பதை அது சொல்வதில்லை. தானியங்கிக் கட்டுப்பாட்டுத் துறை இவ்விரண்டையும் 'ஸ்டேட்', 'மோட்' எனப் பிரிக்கிறது. நிலை, முறைமை எனலாம். ஓடுவது, நிற்பது, பழுதாகிக் கிடப்பது நிலைகள். ஆட்டோமேட்டிக், மேனுவல், பராமரிப்பு ஆகியவை முறைமைகள். எவருடைய கட்டளை செல்லும், எது செல்லாது என்பதைத் தீர்மானிப்பவை. 1995இல் வந்த ஐ.எஸ்.ஏ.-88 தரவரையறை இந்தப் பாகுபாட்டை எழுத்தில் வைத்தது. எழுத்தில் வந்த நாளையே பிறந்த நாளாகக் கொள்வது வரலாற்றெழுதியலின் பழைய வியாதி.

நீலகிரி மலைரயிலை எடுத்துக்கொள்வோம். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை, 1908இல் ஊட்டிவரை பாதை வந்தது. கல்லாறுவரை சாதாரணத் தண்டவாளம். அங்கிருந்து குன்னூர்வரை நடுவில் பல்தண்டவாளம். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறுகிறது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த எக்ஸ் வகை நீராவி எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். சாதாரணப் பாதையில் இரண்டுக்குத்தான் வேலை. பல்பாதையில், அவை வெளியேற்றும் நீராவியே மற்ற இரண்டுக்கும் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. முன்னதில் மணிக்கு 30 கிலோமீட்டர் போகலாம், பின்னதில் 13தான். 'வண்டி ஓடுது' என்கிற நிலை இரண்டிலும் ஒன்றே. முறைமை வேறு.

நிற்பதும் அப்படித்தான். பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் சரிவில் நிற்பது சும்மா இருப்பதல்ல. பெட்டிக்கு ஒருவராக, எஞ்சின் விசிலுக்குக் காதுகொடுத்து பிரேக் போடும் பிரேக்ஸ்மேன்களின் உழைப்பு அதற்குள் இருக்கிறது. 'ரயில் வந்தது' என்று நிலைகளை மட்டும் வரிசைப்படுத்தும் வரலாற்றில் இவர்களுக்கு இடமில்லாமல் போவது தற்செயல் அல்ல.

இது பழங்கதையும் அல்ல. தானியங்கி வரிசையில் கோத்த ஒரு தேயிலை ஃபாக்டரியில் சி.டி.சி. மெஷின் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். உருளையில் சிக்கிய இலையை எடுக்க ஒருவர் கையை நீட்டுகிறார். கரண்டைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தால் அது பராமரிப்பு முறைமை; வேறெவரும் ஓட்ட முடியாது. ஆட்டோமேட்டிக்கிலேயே இருந்தால், பின்னாலிருந்து இலை வந்ததும் தானாகவே ஓடத் தொடங்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்: 'மெஷின் நிக்குது'.

கை போனபிறகு பதிவேட்டில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதுவது எளிது. அது நிலையின் மொழி. எந்த முறைமையில் இருந்தது, அதை மாற்றும் உரிமை யாருக்கு இருந்தது என்று கேட்பது முறைமையின் மொழி. அதிகாரம் இருப்பது இரண்டாவதில்தான். ஆகவே நாம் கேட்கவேண்டியது, மெஷின் நின்றதா என்றல்ல. சாவி யார் கையில் இருந்தது என்று.