ருத்ரா: சிறு அரங்குகளில் வளர்ந்த சிங்கப்பூர் மெட்டல் இசைக்குழு

ருத்ரா என்பது 1992ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தென்னிந்திய வம்சாவளி இளைஞர்கள் தொடங்கிய மெட்டல் இசைக்குழு ஆகும். டெத் மெட்டல் என்னும் கடுமையான இசை வகையுடன் சமஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் இக்குழு இணைத்தது. இவ்வாறு பிறந்த இசைக்கு ‘வேத மெட்டல்’ என்ற பெயர் வழங்குகிறது. பாடகரும் பேஸ் கிதார் கலைஞருமான கதிர், டிரம்ஸ் கலைஞர் சிவா ஆகிய இருவரும் தொடக்கம் முதல் குழுவின் தூண்களாக இருந்து வருகின்றனர். திரையிசையின் துணையில்லாமல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு குழு நிலைத்து நின்றதே இதன் வரலாற்றுச் சிறப்பு.

மெட்டல் இசையின் பின்னணி

ஹெவி மெட்டல் இசை இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமில் உருப்பெற்றது. 1970இல் வெளிவந்த பிளாக் சப்பாத் குழுவின் முதல் இசைத்தொகுப்பு இதன் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அக்குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி, உலோகத் தகடு ஆலையில் வேலை செய்தபோது இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். வலியின்றி வாசிக்கக் கம்பிகளின் இறுக்கத்தைத் தளர்த்தினார். அதனால் சுருதி தாழ்ந்தது. இசையின் கனம் கூடியது. 1980களில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இதன் தீவிர வடிவமான டெத் மெட்டல் வளர்ந்தது. அடித்தொண்டையிலிருந்து எழும் உறுமல் குரலும், இரு கால்களாலும் விரைவாக இயக்கப்படும் பேஸ் டிரம் ஒலியும் இதன் அடையாளங்கள்.

சிங்கப்பூரும் நீள முடியும்

1970களில் சிங்கப்பூர் அரசு ராக் இசைப் பண்பாட்டை ஐயத்துடன் பார்த்தது. நீள முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியாகவே சேவை வழங்கப்படும் என்ற அறிவிப்பு அரசு அலுவலகங்களில் ஒட்டப்பட்டிருந்தது. 1972இல் நீள முடி காரணமாக லெட் செப்பெலின் குழுவினர் நாட்டுக்குள் அனுமதிக்கப்படவில்லை. அவர்களது கச்சேரியும் கைவிடப்பட்டது.

இருப்பினும் மலாய் இளைஞர்களிடையே ராக் இசை வேரூன்றியது. ரம்லி சாரிப் பாடிய ஸ்வீட் சேரிட்டி குழு பெரும்புகழ் பெற்றது. 1980களின் இறுதியில் அப்ஹோரர், அதன்பின் இம்பையட்டி போன்ற தீவிர மெட்டல் குழுக்கள் தோன்றின. 1990களின் தொடக்கத்தில், ரசிகர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஆடும் ‘ஸ்லாம்’ ஆட்டத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. ருத்ரா தோன்றிய காலம் இதுவே.

தோற்றமும் பெயரும்

ருத்திரன் என்பது சிவபெருமானின் உக்கிர வடிவத்தைக் குறிக்கும் பெயர். ரிக் வேதத்திலேயே இடம்பெறும் இப்பெயர் இடியோசை போன்ற இசைக்குப் பொருந்தி நின்றது. 1996இல் குழு கலைந்தது. அதே ஆண்டில் மீண்டும் கூடியபோது, ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தை நீக்கிப் பெயரைச் சுருக்கிக்கொண்டது. 1998இல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது.

சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரபூர்வ மொழிகளுள் ஒன்று. ஆனால் 1990 முதல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்குகளில் இந்திய வம்சாவளியினர் நூற்றுக்கு ஏழு முதல் ஒன்பது பேர் மட்டுமே. அவர்களுள்ளும் டெத் மெட்டல் கேட்போர் மிகச் சிலர். ஆகவே ருத்ராவுக்குத் தன் சமூகத்தின் கூட்டத்தை மட்டும் நம்பி மேடையேற இயலாது. மலாய், சீன இளைஞர்கள் நிறைந்த அவைக்கு முன்தான் தன் மரபை ஒலிக்கச் செய்ய வேண்டியிருந்தது.

சிறு அரங்குக் கச்சேரி

இத்தகைய குழுக்களுக்குப் பெரிய அரங்கின் வாடகை எட்டாதது. அக்காலத்தில் அவற்றுக்குக் கதவு திறந்த இடங்களுள் முக்கியமானது ‘தி சப்ஸ்டேஷன்’. நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990இல் ஆர்மீனியன் தெருவிலிருந்த பழைய மின் துணைநிலையக் கட்டடத்தில் இக்கலை மையத்தைத் தொடங்கினார். அதன் அரங்கில் சுமார் நூறு பேர் அமரலாம். பின்புறத் தோட்டத்திலும் கச்சேரிகள் நடந்தன. 2021இல் இம்மையம் அக்கட்டடத்தை விட்டு வெளியேறியது.

சிறு கச்சேரிக்கான ஆயத்தம் பெரும்பாலும் மணிக்கணக்கில் வாடகை செலுத்தும் ஒத்திகை அறையில் தொடங்குகிறது. ஒரே மாலையில் பல குழுக்கள் வாசிப்பதால் ஒவ்வொன்றுக்கும் அரை மணி அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலான நேரமே கிடைக்கும். எந்தப் பாடலை முதலில் வைப்பது, எதில் முடிப்பது என்பதை முன்பே தீர்மானிக்க வேண்டும். மேடையில் டிரம்ஸ் தொகுதி எல்லோருக்கும் பொது. கலைஞர் தம் ஸ்நேர் டிரம்மையும் தாளத்தட்டுகளையும் கால்மிதியையும் கொண்டுவந்து சில நிமிடங்களில் மாற்றிக்கொள்வார். தாழ்ந்த சுருதியில் வேகமாக வாசிக்கும்போது சிறிய அறையில் ஒலி கலங்கிப்போகும். எனவே ஒலிச் சோதனையில் பேஸ் கிதாரையும் பேஸ் டிரம்மையும் பிரித்துக் கேட்கச் செய்வதே பெரிய வேலை.

சிங்கப்பூர்க் குழுக்களுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. 18 வயதையொட்டி ஆண்கள் கட்டாயத் தேசியச் சேவைக்குச் செல்ல வேண்டும். 1990களில் அது இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள் நீடித்தது. ஒருவர் பின் ஒருவராக உறுப்பினர்கள் சேவைக்குச் செல்லும்போது பல குழுக்கள் சிதறின.

வேதாந்தமும் ‘ஆரிய’ என்ற சொல்லும்

மேற்கத்திய தீவிர மெட்டல் குழுக்கள் பல, கிறித்தவ சமயத்தை எதிர்க்கும் சாத்தான் உருவகங்களைக் கையாண்டன. அந்த எதிர்ப்பு ஐரோப்பியச் சூழலுக்கு உரியது. ருத்ரா அதைப் படியெடுக்காமல், அறியாமையை அழித்தல் என்ற வேதாந்தக் கருத்தைத் தன் இசையின் உக்கிரத்துக்குப் பொருளாக்கியது. ஆங்கிலப் பாடல்களுக்கிடையே சமஸ்கிருத மந்திரங்கள் ஒலித்தன.

இத்தேர்வு சிக்கலின்றி அமையவில்லை. 2001இல் வெளிவந்த இரண்டாம் இசைத்தொகுப்பு ‘தி ஆரியன் குருசேட்’ என்று பெயர் பெற்றது. சமஸ்கிருதத்தில் ‘ஆரிய’ என்பது மேன்மையானவர் என்று பொருள்படும். ஐரோப்பியக் காதுக்கோ அது நாசிகளின் இனவெறியை நினைவூட்டும். தமிழருக்கு ஆரியர்–திராவிடர் விவாதத்தை நினைவூட்டும். ஒரே சொல் மூன்று இடங்களில் மூன்று பொருள் தந்தது. தமிழ் மொழிக்கு அதிகாரபூர்வ இடமுள்ள நாட்டில் ஒரு தென்னிந்தியக் குழு சமஸ்கிருதத்தைத் தெரிந்தெடுத்ததும் அடையாளம் பற்றிய கேள்வியை எழுப்பியது. சிங்கப்பூர் இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன், வேத மெட்டலையும் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தையும் இணைத்து ஆய்வுக் கட்டுரை எழுதியுள்ளார்.

2003இல் ‘குருக்ஷேத்ரா’ வெளிவந்தது. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்ற பொதுப் பெயரில் மூன்று தொகுப்புகள் வந்தன. தொடர்ந்து 2013இல் ‘ருதா’, 2016இல் ‘எனிமி ஆஃப் டுவாலிட்டி’, 2022இல் ‘எய்ட் மகாவித்யாஸ்’ ஆகியவை வெளியாயின. பிந்தைய தலைப்புகளுள் ஒன்றான ‘இருமையின் பகைவன்’ அத்வைதக் கொள்கையை நேராகவே சுட்டுகிறது.

தமிழ்நாட்டுச் சூழலுடன் ஒப்பீடு

சிங்கப்பூரைவிடப் பன்மடங்கு தமிழர் வாழும் தமிழ்நாட்டில் மெட்டல் குழுக்களுக்குச் சிறு அரங்குகள் குறைவு. இதற்கு ரசனை மட்டுமே காரணம் அன்று. தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் நிறுவனத்திடம் உள்ளது. அதன் கடைகளையொட்டிய கூடங்களை விட்டால், மதுக்கூட உரிமம் பெரும்பாலும் நட்சத்திர விடுதிகளுக்கும் உறுப்பினர் மன்றங்களுக்கும் உரியது. பெங்களூரில் இசைக்குழுக்களை வாழவைத்த பப்புகள் போன்றவை இங்கே பரவ வழியில்லை. அந்நகரில் 1998இல் தோன்றிய கிரிப்டோஸ் குழு, 2013இல் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடை வரை சென்றது. 2007இல் அயர்ன் மெய்டனும் 2011இல் மெட்டாலிகாவும் வந்து பாடியதும் அங்கேதான்.

பர்மிங்காமைப் போலவே கோயம்புத்தூரும் வார்ப்பட ஆலைகளும் பட்டறைகளும் நிறைந்த ஊர். பொறியியல் கல்லூரிகளும் அங்கு ஏராளம். ஆயினும் கல்லூரி விழா மேடை ஆண்டுக்கு ஒருமுறையே அமையும். படிப்பு முடிந்ததும் அந்த மேடையும் கைநழுவும். மாதந்தோறும் நூறு பேர் நின்று கேட்கும் ஓர் அறை இருந்தால், தவறிய தாளத்தை அடுத்த மாதம் திருத்திக்கொள்ளலாம்.

ருத்ராவின் வரலாறு காட்டுவதும் இதையே. அனுமதிச் சட்டங்களும் படைச் சேவையும் சிறிய அவையும் அதன் வளர்ச்சிக்குத் தடையாக இருந்தன. ஆனால் மீண்டும் மீண்டும் வாசிக்கச் சில சிறிய மேடைகள் அந்த நகரத்தில் இருந்தன. கலைந்த குழு மறுபடி கூடுவதற்கு அவையே போதுமானவையாக அமைந்தன.