கிட்னியைக் காப்பாத்தணுமா, கேன்சரை விரட்டணுமா?

இன்னைக்குக் கதை புதுச்சேரியில் ஆரம்பிச்சு ஈஸ்டர் தீவு வரைக்கும் போகும்.

1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க. அது 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது, 1964-ல் ஜிப்மர் ஆனது. கோரிமேடு பக்கம் போகும்போது பார்த்திருப்பீங்க. அங்கே 2012-ல் சிறுநீரக மாற்று சிகிச்சை தொடங்கியது. வேலூர் சி.எம்.சி. அதை 1971-லேயே செய்துவிட்டது.

மாற்று கிட்னி வாங்கினவங்க தினமும் மாத்திரை போட்டே ஆகணும். ஏன்னா, நம்ம டி செல்களுக்கு அந்த கிட்னி அந்நியப் பொருள். மாத்திரை அந்தச் செல்களை அடக்கி வைக்குது. ஆனா கேன்சர் செல்லைத் தேடிக் கொல்றதும் அதே டி செல்தான். காவல்காரரைத் தூங்க வைச்சா, திருடனுக்கும் வசதிதானே? இப்படி வர்ற புற்றுநோய்களை 1968-லிருந்தே இஸ்ரேல் பென் என்ற மருத்துவர் அமெரிக்காவில் பதிவேடு போட்டுச் சேகரித்தார்.

அப்புறம் இம்யூனோதெரபி வந்தது. டி செல்லின் பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் இவை. இதற்கு வழி காட்டிய ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு. சிக்கல் என்னன்னா, பிரேக்கை எடுத்தா அந்த டி செல் கிட்னியையும் தாக்கலாம். 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க நோயாளியின் கதையில் அதுதான் நடந்தது. கட்டி சுருங்கியது, கிட்னி போனது, அவர் மறுபடி டயாலிசிஸுக்குத் திரும்பினார். அதனாலேயே ஆரம்பகால ஆய்வுகளில் மாற்று உறுப்பு பெற்றவர்களைச் சேர்க்கவே இல்லை.

இப்போ ஈஸ்டர் தீவுக்கு வருவோம். 1964-ல் அங்கே போன கனடா குழு ஒன்று மண் எடுத்து வந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ராபமைசினைப் பிரித்தெடுத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர், பனாரஸ் பல்கலைக்கழகத்தில் படித்த சுரேந்திரநாத் சேகல். 1980-களின் தொடக்கத்தில் அவர் வேலை பார்த்த மாண்ட்ரியல் ஆய்வகத்தையே கம்பெனி மூடிவிட்டது. மனுஷன் விடலையே! மருந்தை வீட்டு ஃப்ரீசரில் பத்திரப்படுத்தினார். 1999-ல் அது கிட்னி மாற்று நோயாளிகளுக்கு அனுமதி பெற்றது. நிராகரிப்பைத் தடுக்கும், செல் வளர்ச்சியையும் மட்டுப்படுத்தும். பின்னாடி தனக்கே கேன்சர் வந்தபோது சேகல் அதையே சாப்பிட்டார். 2003-ல் காலமானார்.

2024-ல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. தோல் புற்றுநோய் முற்றிய 12 கிட்னி மாற்று நோயாளிகளுக்கு இம்யூனோதெரபி கொடுத்தாங்க. கூடவே ராபமைசின் குடும்ப மருந்தும், ஸ்டீராய்டும். ஒருவருக்கும் கிட்னி நிராகரிப்பு வரவில்லை. மதிப்பிட முடிந்த 11 பேரில் 5 பேருக்குக் கட்டி சுருங்கியது.

12 பேர்ங்கிறது சின்ன எண்ணிக்கைதான், முடிவான பதில் இல்லை. ஆனா "ஏதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுங்க" என்று மட்டுமே சொல்ல முடிந்த டாக்டர்கள், "ரெண்டையும் காப்பாத்தப் பார்ப்போம்" என்று பேச ஆரம்பிச்சிருக்காங்க. ஒன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. உங்க வீட்டில் மாற்று கிட்னியோடு யாராவது இருந்தா, டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தவோ மாத்தவோ வேண்டாம்.