ஆறாண்டுச் சாபம் – 7: விதை தின்னிகள்

நாலாவது தீயும் அணைந்துவிட்டது. 1933, 1939, 1945, 1951. ஆறு வருடத்துக்கொரு முறை, தவணை தவறாமல். ஒரிகன் மாநிலத்துக்காரர்கள் இதைச் சாபம் என்றே பேசினார்கள். டில்லமுக் மலைகளில் சுமார் 3,55,000 ஏக்கர் கரிந்து கிடந்தது. பல மைலுக்கு விதை உதிர்க்க ஒரு தாய்மரம்கூட மிஞ்சவில்லை.

1948-லேயே மக்கள் வாக்களித்து, கடன் பத்திரம் விற்று மறுநடவு செய்ய அரசுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். மறு வருடமே வேலை தொடங்கியது. ஆள் ஏறமுடியாத சரிவுகளில் ஹெலிகாப்டர் டக்ளஸ் ஃபிர் விதையைத் தூவியது.

கீழே ஒருவர் காத்திருந்தார். எடை சுமார் 20 கிராம்.

டீர் மவுஸ் என்ற அந்தச் சுண்டெலியைத் தீ அதிகம் தொடவில்லை. மேலே மரம் வெடித்து எரியும்போதும் சில அங்குல ஆழத்தில் மண் சூடேறுவதில்லை. வளைக்குள் இருந்தவை பிழைத்தன. நிழல் போனதும் களையும் பூச்சியும் பெருகின, வெட்டவெளியை விரும்பும் எலியும் பெருகியது. அந்த நேரம் பார்த்து வானத்திலிருந்து கொழுப்பு நிறைந்த விதை விழுகிறது!

வனத்துறையினர் விஷத்தை எடுத்தார்கள். அந்நாளில் மேற்கு ஒரிகனில் விதைப்புக்கு முன் விஷ இரை போடுவது வழக்கம். பின்னர் விதைக்கே எண்ட்ரின் என்ற நஞ்சைப் பூசினார்கள். எலிகள் செத்தன. காலியான வளைகளுக்குப் பக்கத்துக் காட்டு எலிகள் குடிவந்தன. கொன்றவர்களே இடம் ஒதுக்கிக் கொடுத்த கதைதான் இது. கடைசியில் கையால் நட்ட கன்றுகள் மட்டும் 7.2 கோடி. பள்ளிப் பிள்ளைகள் நட்டார்கள், சிறைக்கைதிகளும் நட்டார்கள். 1973-ல் ஆளுநர் டாம் மெக்கால் அந்த நிலத்தை மாநிலக் காடாக அறிவித்தார்.

வெற்றிதானே? ஆனால் எலிக்கணக்கில் ஒருவர் குறைந்தார்.

செம்முதுகு வோல் என்ற எலி வகை. விதைக்காக அடிபடாத, கன்றைக் கடித்ததாகப் புகார் வராத பிராணி. அதனால் யாரும் தேடவில்லை. அதற்கு வேண்டியது வெயில் படாத ஈரமும், உளுத்துப்போன பெரிய மரக்கட்டையும். கருகிய மரங்களையோ லாரி லாரியாக ஏற்றிப் போயிருந்தார்கள்; நின்றவற்றையும் அடுத்த தீக்குப் பயந்து பட்டை பட்டையாக வெட்டிச் சாய்த்தார்கள். ஒரே வயதில் வரிசைகட்டி வளரும் புதுக்காட்டில் உளுத்த கட்டைக்கு எங்கே போவது?

அதே எழுபதுகளில், ஒரிகனில் இரண்டு பேர் இந்த வோலின் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். ஜிம் டிராப் பூஞ்சை ஆய்வாளர். கிறிஸ் மேசர் பாலூட்டிகளைப் படித்தவர். இரைப்பையில் இருந்ததை நுண்ணோக்கியில் வைத்தால் மர விதை ஏறக்குறைய இல்லை. கண்ணாடியெங்கும் வேறொன்றின் வித்துகள்: மண்ணுக்கடியிலேயே காய்ப்பது, காற்றுக்கு எட்டாதது, டக்ளஸ் ஃபிர் வேரோடு ஒட்டி வாழ்வது.

அதைக் காட்டுக்குள் சுமந்து திரிவது யார் என்று இருவருக்கும் புரிந்தது. அப்படியானால் வோல் நுழையாத எரிந்த நிலத்தில் அந்தக் கோடிக்கணக்கான வேர்கள் யாரை நம்பி இறங்கின?

(அடுத்த வாரம்)