நிறுவனச் சமூகப் பொறுப்பில் பணியாளர் பங்கேற்பு

ஒரு தொழில் நிறுவனம் சுற்றுவட்டார மக்களுக்காகச் செய்யும் கல்வி, மருத்துவம், பேரிடர் உதவி போன்ற பணிகளில் அங்கு வேலை செய்வோரும் சேர்ந்து பங்காற்றுவதே பணியாளர் பங்கேற்பு. அந்தப் பங்கு உடலுழைப்பாக இருக்கலாம், சம்பளத்தில் ஒரு பகுதியாக இருக்கலாம், எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையாகவும் இருக்கலாம். நிறுவனம் செலவிட்ட பணத்துக்குக் கணக்கேடு உண்டு. தொழிலாளி கொடுத்த நேரத்துக்குப் பெரும்பாலும் கிடையாது. நிர்வாகமும் தொழிலாளரும் மோதிக்கொண்ட காலத்துக்கு மட்டும் இரு தரப்புச் சான்றுகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன.

பஞ்சாலைக் காலம்

சென்னை பெரம்பூர்ப் பகுதியில் பின்னி நிறுவனத்தின் நிர்வாகத்தில் பக்கிங்காம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் தொடங்கின. இரண்டும் 1920இல் இணைந்தன. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி, குடியிருப்பு, மருத்துவம் என்று நலப்பணிகளுக்கு இந்த ஆலைகள் பெயர் பெற்றிருந்தன. என்ன வேண்டும் என்று தொழிலாளரைக் கேட்கும் வழக்கம் அப்போது இல்லை.

தொழிலாளர் கூடிப் பேசும் இடம் ஆலைக்கு வெளியேதான் உருவானது. வணிகர்களான செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரின் முயற்சியில் நடந்த ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபைக்கு ஆலைத் தொழிலாளர் வந்துபோயினர். பக்திச் சொற்பொழிவு கேட்க வந்தவர்கள், மதிய உணவுக்கு நேரம் போதாததையும் மேஸ்திரிகளின் கெடுபிடியையும் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சிலிருந்து 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி. கலியாணசுந்தரனார் முன்னணியில் நின்றார். சங்கம் முதலில் கையிலெடுத்தவற்றுள் ஒன்று அரை மணி நேர உணவு இடைவேளை. நலப்பணி என்று நிர்வாகம் நினைத்ததற்கும் நலம் என்று தொழிலாளர் உணர்ந்ததற்கும் இடையே இருந்த தூரத்தை இந்தக் கோரிக்கை ஒன்றே காட்டிவிடுகிறது.

1920 இறுதியில் கதவடைப்பு நடந்தது. வாடியா மீது நிறுவனம் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கின் எதிரொலியாகவே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது என்பர். 1921இல் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. ஆகஸ்டு 29 அன்று பெரம்பூரில் காவலர் சுட்டதில் உயிர்கள் பலியாயின. இந்தக் கலவரத்தில் சாதிப் பிளவின் பங்கு எவ்வளவு, நிர்வாகத்தின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாளரிடையே ஒத்த கருத்து இல்லை.

மறு ஆண்டு, 1922இல், தொழிலாளர் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் குழு ஒன்றை ஆலை நிர்வாகம் அமைத்தது. ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலையில் 1920இல் அமைந்த குழுவோடு சேர்த்து, இந்தியாவின் தொடக்ககாலத் தொழிற்குழுக்களில் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. பணியாளர் பங்கேற்பின் முதல் வடிவமாக இதைக் கொள்வோர் உண்டு. தோற்றுத் தளர்ந்திருந்த சங்கத்தின் இடத்தை நிரப்ப நிர்வாகம் தேடிய வழி என்று தொழிற்சங்கத் தரப்பு கருதும். குழு வந்த காலத்தைப் பார்த்தால் இரண்டாவது கருத்தைத் தள்ளிவிட முடியவில்லை. ஆலைகள் 1996இல் மூடப்பட்டன.

இடைக்காலம்

100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் தொழிற்குழு அமைக்க 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் வழி செய்தது. டாடா இரும்பு நிறுவனம் 1970இல் சமூகப் பொறுப்பைத் தன் அமைப்பு விதிகளிலேயே சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவில் செராக்ஸ் நிறுவனம் 1971 முதல், தேர்ந்தெடுத்த பணியாளருக்குச் சம்பளத்துடன் சமூகப்பணி விடுப்பு கொடுத்தது.

நெய்வேலியும் சுற்றூர்களும்

கடலூர் மாவட்டத்தில் நிறுவனச் சமூகப் பொறுப்பு பற்றிய பேச்சு நெய்வேலியைச் சுற்றியே நடக்கிறது. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது 1934இல் என்றும் 1935இல் என்றும் சொல்லப்படுகிறது. பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் பதிவானது. மறு ஆண்டு மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணில் பட்டது. வட்டங்களாகப் பிரித்துக் கட்டிய நகரியம், பள்ளிகள், மருத்துவமனை எல்லாம் முதலில் ஊழியருக்காக வந்தவையே. 1998இல் தொடங்கிய நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி, ஊழியருக்கு என்ற அந்த வேலியைத் தாண்டியது. மாலை நேரத்தில் சுற்றூர்ப் பிள்ளைகளும் சுரங்கத் தொழிலாளரும் ஒரே கடையில் நின்று புத்தகம் புரட்டும் இடம் இந்த மாவட்டத்தில் அதற்குமுன் அரிது.

பேரிடர்க் காலங்களில் பங்கேற்பு என்றால் நெய்வேலியிலும் பிற இடங்களிலும் ‘ஒரு நாள் சம்பளம்’தான். சம்பளச் சீட்டில் ஒரே ஒரு வரியாக வந்து போகும் இந்தப் பிடித்தம் தமிழ்நாட்டு ஊழியர் பலருக்கும் பழக்கமானது. 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டப்படி இத்தகைய பிடித்தத்துக்குத் தொழிலாளியின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டியிருந்தது. சங்கம் ஒப்புக்கொண்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாகுமா என்பது நெடுநாள் வழக்கு. பேரிடர் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தது. 2015 நவம்பரில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் ஊர்களை வெள்ளம் தாக்கியது.

பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையே செம்மண் மேட்டில் இருக்கும் காடாம்புலியூருக்குத் தானே புயல் மறக்க முடியாதது. தாத்தா வைத்த பலா பேரன் காலத்தில் வேரோடு சாய்ந்தது. ஒட்டு முந்திரி சில ஆண்டுகளில் காய்த்துவிடும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 இரகம் அப்படிப்பட்டது. பலாவுக்கு அதைவிட நீண்டகாலம் காத்திருக்க வேண்டும். ஓராண்டுத் திட்டமாக மரக்கன்று கொடுத்துவிட்டுப் போகும் நிவாரணம் எதுவும் இந்தக் காத்திருப்புக்குப் போதாது.

இவ்வூர்ப் பக்கம் வேலை என்றால் முந்திரிதான். கொட்டை உடைக்கும் பெண்கள், தோட்டின் எண்ணெய் பட்டு விரல் வெந்துபோகாமலிருக்கச் சாம்பலோ விளக்கெண்ணெயோ தடவிக்கொண்டு உட்காருகிறார்கள். இங்குள்ள சிறு பட்டறைகள் எதுவும், அடுத்துச் சொல்லப்படும் சமூகப் பொறுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை.

சட்டமும் நேரமும்

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஒன்றையேனும் எட்டிய நிறுவனம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை. தன் ஊழியருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படுவது கணக்கில் சேராது. பஞ்சாலைக் காலத்தில் நலப்பணி என்று பெயர் பெற்றவற்றில் பெரும்பகுதி இந்த விதிப்படி தேறாது.

தன்னார்வமாகப் போகும் ஊழியரின் நேரத்தை என்ன செய்வது என்பதில் அரசு தடுமாறியது. அவர்கள் பணியாற்றிய மணி நேரத்துக்குரிய சம்பளத்தைத் திட்டச் செலவில் சேர்க்கலாம் என்று 2014 ஜூனில் வந்த சுற்றறிக்கை சொன்னது. செப்டம்பரில் அந்த விளக்கம் திரும்பப் பெறப்பட்டது. ஊழியரை ஈடுபடுத்துவதை ஊக்குவிக்க வேண்டும், ஆனால் அவர்கள் உழைப்பைப் பணமாக மதிப்பிட்டுக் கணக்கில் காட்டக் கூடாது என்று 2016 ஜனவரியில் தெளிவுபடுத்தப்பட்டது. செலவைப் பெருக்கிக் காட்டும் குறுக்குவழி இதனால் அடைபட்டது. ஞாயிற்றுக்கிழமையில் அரசுப் பள்ளிக்கு வண்ணம் பூசப் போனவரின் உழைப்பு ஏட்டில் ஏறும் வழியும் கூடவே அடைபட்டது.

சட்டத்துக்கு முன்பே தொடங்கியவையும் உண்டு. டி.சி.எஸ். நிறுவனம் 2000இல் தொடங்கிய கணினிவழி முதியோர் எழுத்தறிவுத் திட்டம் 40 மணி நேரத்தில் செய்தித்தாள் படிக்கும் அளவுக்குக் கற்பிப்பதை இலக்காகக் கொண்டது; தமிழிலும் நடந்தது. அந்நிறுவன ஊழியரின் ‘மைத்ரீ’ அமைப்பு 2002இல் தோன்றியது.

அண்மைக்காலம்

2020இல் கொரோனா காலத்தில், பி.எம். கேர்ஸ் நிதிக்கு நிறுவனம் கொடுப்பது சமூகப் பொறுப்புச் செலவாகும், முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுப்பது ஆகாது என்று மத்திய அரசு அறிவித்தது. ஊழியரின் ஒரு நாள் சம்பளத்துக்கு இந்த வேறுபாடு பொருந்தாது. 2023 ஜூலையில் கடலூர் மாவட்டத்து வளையமாதேவியில் நின்ற பயிர் மீது நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்கான இயந்திரங்கள் இறங்கியபோது பெரும் போராட்டம் வெடித்தது. நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வேலை கொடுப்பது சமூகப் பொறுப்பா, நிலத்துக்குரிய கடனா என்பதில் நிறுவனமும் ஊர்மக்களும் இன்னும் உடன்படவில்லை.