சான்றிதழும் கைத்திறனும்: ஓர் எண்ணின் பின்னணி

இந்தியத் தொழிலாளர்களின் திறனைப் பற்றிப் பேசப்படும் இடங்களிலெல்லாம் 4.69 என்னும் எண் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 2015-ஆம் ஆண்டு ஒன்றிய அரசு வெளியிட்ட திறன் மேம்பாடு, தொழில்முனைவு ஆகியவற்றுக்கான தேசியக் கொள்கை, நாட்டின் தொழிலாளர்களுள் 4.69 விழுக்காட்டினரே முறைசார் திறன் பயிற்சி பெற்றவர்கள் என்றது. ஜெர்மனியில் 75, ஜப்பானில் 80, தென்கொரியாவில் 96 என ஒப்பிட்டும் காட்டியது. அன்றுமுதல் இந்தியத் தொழிலாளி திறனற்றவர் என்பதற்கு அந்த எண்ணே சான்றாக முன்வைக்கப்படுகிறது. உண்மையில் அது பயிற்சி நிலையத்தின் வழியே வந்தவர்களை மட்டுமே எண்ணுகிறது. தறிக்குழியிலும் பட்டறையிலும் வயலிலும் தொழில் கற்றவர்கள் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

எழுத்தறிவை அளந்த முறையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1911-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நண்பருக்கு ஒரு கடிதம் எழுதவும் அவர் அனுப்பும் மறுமொழியைப் படிக்கவும் இயன்றவரே எழுத்தறிவு உடையவர் என வரையறுக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னும் வரையறையின் சாரம் மாறவில்லை: ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால் போதும், பள்ளிக்குச் சென்றிருக்க வேண்டிய கட்டாயமில்லை. திண்ணையில் கற்றவரும் பாட்டியிடம் கற்றவரும் எழுத்தறிவுடையவராகவே எண்ணப்பட்டனர். அதாவது, எழுத்தைப் பொறுத்தவரை அரசு கேட்டது "உங்களுக்குத் தெரியுமா?" என்று. தொழிலைப் பொறுத்தவரை அது கேட்பதோ "முறையாகப் பயின்றீர்களா?" என்று.

கேள்வியின் வடிவம் எத்தனை கோடிப் பேரை மறைக்கவல்லது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1961 கணக்கெடுப்பில், பருவகால வேலைகளில் பருவத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காக உழைத்தவர் தொழிலாளராகக் கொள்ளப்பட்டார். பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் அவ்வாறு பதிவாயினர். 1971-இல் "முதன்மைச் செயல்பாடு எது?" என்று முதலில் கேட்கப்பட்டது. வீட்டு வேலை என விடையளித்த பெண்கள், நாற்று நட்டும் களையெடுத்தும் வந்தபோதும், உழைக்காதோர் பட்டியலுக்குச் சென்றனர். பெண்களின் பங்கேற்பு ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. பத்தே ஆண்டுகளில் இந்தியப் பெண்கள் வயலைவிட்டு அந்த அளவில் வெளியேறிவிடவில்லை. 1981-இல் முதன்மைத் தொழிலாளர், குறுந்தொழிலாளர் என்னும் பிரிவுகள் வகுக்கப்பட்டன. 1991-இல் குடும்ப நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்யும் வேலையும் கேள்வியிலேயே வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. மறைந்தவர்களில் ஒரு பகுதியினர் மீண்டும் ஏட்டில் தோன்றினர்.

திறன் கணக்கிலும் இதுவே நிகழ்கிறது. தேசிய மாதிரி ஆய்வின் 2004-05-ஆம் ஆண்டுச் சுற்றில், 15 முதல் 29 வயது வரையிலானோருள் ஏறத்தாழ 2 விழுக்காட்டினர் முறைசார் தொழிற்பயிற்சியும், 8 விழுக்காட்டினர் குலத்தொழில் வழியே பெற்றது உள்ளிட்ட முறைசாராப் பயிற்சியும் பெற்றதாகத் தெரிவித்தனர். எஞ்சிய 90 விழுக்காட்டினருக்கு எத்தொழிலும் தெரியாது என்று கொள்வது பொருந்தாது. தாயிடம் நாற்று நடக் கற்றதையும் தந்தையிடம் மரம் இழைக்கக் கற்றதையும் "பயிற்சி" என்னும் சொல்லால் குறிக்கும் வழக்கம் மக்களிடம் இல்லை.

இது வெறும் புள்ளியியல் வழக்கன்று. குறைந்தபட்ச ஊதியம் திறனற்றோர், பகுதித் திறனுடையோர், திறனுடையோர் என்னும் படிநிலைகளின்படி வகுக்கப்படுவதால், எந்தப் பெயர் சூட்டப்படுகிறது என்பது கூலியைத் தொடுகிறது. 2009-ஆம் ஆண்டுக் கொள்கை 2022-க்குள் 50 கோடிப் பேருக்குத் திறன் அளிக்க இலக்கு வைத்தது. தெரிந்ததை ஏற்காமல் தொடங்கும் இத்தகைய இலக்கு, வழங்கப்பட்ட சான்றிதழ்களின் எண்ணிக்கையாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. பின்னர் முன்கற்றலை ஏற்றுச் சான்றளிக்கும் முறை கொண்டுவரப்பட்டதே, பயிற்சிக்கு வெளியிலும் திறன் உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு அடையாளம்.

முறைசார் பயிற்சி தேவையில்லை என்பது என் வாதமன்று. மின்பணியிலும் செவிலியத்திலும் அது உயிர்காப்பது. ஆயினும், கடிதம் எழுதத் தெரியுமா என்று நூறாண்டுக்கு முன்பே கேட்கத் தெரிந்த ஏடு, உங்கள் கைக்கு என்ன வேலை தெரியும், அதை யாரிடம் கற்றீர்கள் என்றும் கேட்கலாம். அதற்குப் பிறகு கிடைக்கும் எண்ணைக் கொண்டு ஜெர்மனியோடு ஒப்பிடுவோம்.